தேவதைக் கதையை மறுபடி சொல்லும்போது உடையில் செய்யக் கூடாத தவறுகள்

பழைய தேவதைக் கதை ஒன்றைப் புதிதாகச் சொல்லலாம் என்று ஒரு குழு கூடினால், முதல் நாளே பேச்சு உடைக்குப் போய்விடும். சின்ட்ரெல்லாவுக்கு கவுன் வேண்டாம், லெதர் ஜாக்கெட் போடலாம் என்பார் ஒருவர். ஓநாய்க்குக் கோட்டு சூட்டு என்பார் இன்னொருவர். அன்று மாலைக்குள் படங்களைச் சேர்த்து ஒட்டி மூட் போர்டு தயாராகிவிடும். கதையை மட்டும் யாரும் எடுத்து மறுபடி படித்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதைதானே!

மேடை நாடகங்களுக்கு உடை அமைத்துவரும் எனக்கு, பெரும்பாலான தவறுகள் இங்கேயிருந்துதான் கிளம்புகின்றன என்று தோன்றுகிறது. எல்லோருக்கும் தெரிந்தது கதை இல்லை. கதையைப் பற்றிய படங்கள். அந்தப் படங்களை வைத்துப் புதுமை செய்தால், பழைய படத்துக்கு வேறு சட்டை மாட்டியது போலத்தான் வரும்.

சின்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்வோம். எந்தச் சின்ட்ரெல்லா? 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில்தான் பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் நள்ளிரவுக் கெடுவும் வருகின்றன. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்திய தொகுப்பின் 1857-ஆம் ஆண்டுப் பதிப்பில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளர்ந்த மரத்திலிருந்து ஒரு பறவை உடையைக் கீழே போடுகிறது. மூன்று இரவுக்கு மூன்று உடை, ஒன்றைவிட ஒன்று பகட்டு. சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே சியன் கதையில், அந்தப் பெண் தான் வளர்த்த மீனின் எலும்புகளிடம் வேண்டுகிறாள். மீன்கொத்தி இறகாலான மேலாடையும் பொன் செருப்பும் கிடைக்கின்றன.

இவற்றில் எதை எடுக்கிறோம் என்பதிலேயே உடை பாதி முடிவாகிவிடும். பெரோவின் பெண் அணிவது இரவல் உடை, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதற்கு லேசான, விளக்கொளியில் மின்னுகிற துணி பொருந்தும். கிரிம் கதையில் அது இறந்துபோன அம்மா தருவது. அப்படியானால் அம்மாவின் அடையாளம் ஏதாவது அதில் இருந்தே ஆக வேண்டும். முதல் காட்சியில் அம்மா கழுத்தில் பார்த்த பூ வேலைப்பாடு மூன்றாம் இரவு மகளின் கைவிளிம்பில் வந்தால், வசனமே இல்லாமல் பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்த தவறு, ஒரு பொருள் கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்காமலே அதை மாற்றுவது. கண்ணாடி வளையாது, இழுபடாது. அதனால்தான் அந்தச் செருப்பு ஒரே ஒரு காலுக்குச் சாட்சி சொல்ல முடிகிறது. நவீனமாக இருக்கட்டும் என்று கேன்வாஸ் ஷூ கொடுத்தால், அதே அளவுக் கால் உள்ள யாருக்கும் அது சேரும். இளவரசனின் தேடலே அர்த்தம் இழந்துவிடும். மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் உடம்புக்கு மட்டுமே பொருந்துகிற வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டு மாற்றுங்கள். வருடக்கணக்காக ஒரே கை போட்டுப் போட்டு அந்தக் கையின் வடிவத்துக்கே வந்துவிட்ட வேலைக் கையுறை ஒன்று போதும்.

ஸ்நோ ஒயிட்டில் இன்னும் வருத்தமான இழப்பு நடக்கிறது. ஆப்பிள் மட்டும்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. கிரிம் கதையில் ராணி குள்ளர்களின் வீட்டுக்கு மூன்று முறை வருகிறாள். முதலில் ரவிக்கையை இறுக்கிக் கட்டும் நாடா, பிறகு விஷம் தடவிய சீப்பு, அதன்பின்தான் ஆப்பிள். முதல் இரண்டும் அலங்காரப் பொருட்கள்! அழகுக்காகக் கொல்லத் துணிந்தவள் அழகுபடுத்தும் பொருளையே ஆயுதமாக்குகிறாள். உடை அமைப்பவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்குமா? ராணியின் உடையிலேயே நாடாக்கள் இறுக்கமாகப் பின்னியிருக்கட்டும். அவள் மூச்சும் முட்டட்டும். அவள் சிறுமிக்குச் செய்வதைத் தனக்கும் செய்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போது தானாகத் தெரியும்.

சரி, நிறத்துக்கு வருவோம். சிவப்புத் தொப்பிச் சிறுமிக்குத் தரையைத் தொடும் பெரிய சிவப்பு அங்கி கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரோ சொல்வது தலையை மூடும் சிவப்பு முக்காடு, கிரிம் சகோதரர்கள் சொல்வது சிவப்பு வெல்வெட் தொப்பி. அவ்வளவு சின்னப் பொருள் ஒரு பிள்ளைக்குப் பெயராகவே ஆகிவிட்டது என்றால், அந்த ஊரில் வேறு யாரிடமும் அந்த நிறம் இல்லை என்றுதான் பொருள். ஒரு நாடகத்தில் இதை நான் கோட்டைவிட்டேன். ஊர்க்காரர்களுக்குக் காவி, செங்கல், ஆரஞ்சு என்று இதமான நிறங்களாகக் கொடுத்திருந்தேன். தனித்தனியாக எல்லாம் அழகாகவே இருந்தன. கூட்டத்துக்குள் சிறுமி வந்தபோது கண் அவளிடம் போகவே இல்லை. அதோடு காட்டுக் காட்சிக்கு லைட்டிங்கில் பச்சை போட்டிருந்தார்கள். பச்சை ஒளியில் சிவப்புத் துணிக்குத் திருப்பி அனுப்ப ஒளி இருக்காது. அது கறுத்துத்தான் தெரியும். முழு உடை ஒத்திகையில்தான் இரண்டையும் பார்த்தேன். அன்றிரவே பதினோரு பேரின் உடையை அடர்சாயத்தில் முக்கி எடுத்தோம். இப்போதெல்லாம் துணி வாங்குவதற்கு முன்பே ஒரு துண்டை எடுத்துப் போய் அந்த விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்காமல் இருப்பதில்லை.

இதனால்தான் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வரைவதும் தவறு என்கிறேன். எல்லோரையும் ஒரே தாளில் வரிசையாக நிறுத்தி, உள்ளே கறுப்பை நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவத்தில் யார் யார் என்று தெரியவில்லை என்றால் எம்பிராய்டரி காப்பாற்றாது.

கெட்டவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தழும்பு, கூன், நொண்டல், கறுத்த தோல், வளைந்த மூக்கு: கெட்டவன் என்று காட்ட இவற்றை எடுப்பது சோம்பேறித்தனம் மட்டுமில்லை, அந்தத் தழும்போடும் அந்த நிறத்தோடும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மூலக்கதைகளே இதைக் கேட்கவில்லை. கிரிம் கதையில் மாற்றாந்தாயின் பெண்கள் முகத்தில் அழகானவர்கள், மனதில்தான் அசிங்கம். பெரோவும் அவர்களை அவலட்சணம் என்று சொல்லவில்லை. ஆக, அவர்களுக்கு நன்றாகத் தைத்த, விலையுயர்ந்த, வேலை செய்யவே முடியாத உடைகளைக் கொடுங்கள். குனிந்து ஒரு பாத்திரம் எடுக்க விடாத சட்டைக் கைகளும், இன்னொருவர் உதவி இல்லாமல் போட முடியாத முதுகுப் பொத்தான்களும் போதும். அந்த வீட்டில் யார் உழைக்கிறார்கள் என்பதை அந்தப் பொத்தானே சொல்லிவிடும்.

உழைப்பவளின் உடையில் நடக்கும் தவறு வேறு. புதுத்துணியில் நான்கு ஒட்டு, கன்னத்தில் ஒரு கரிக்கோடு, ஏழை தயார்! பழைய உடை அப்படிப் பழசாவதில்லை. அடுப்படியில் இருப்பவளின் பாவாடையில் முட்டி பதிந்த இடம் தேயும், முன்விளிம்பில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கை துடைக்கும் இடுப்புப் பக்கம் பளபளக்கும். சாம்பல் கறுப்பில்லை, வெளுத்த சாம்பல் நிறம், மடிப்புகளுக்குள் தங்கும். துணியைப் பலமுறை துவைத்து, தேயும் இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு சாயத்தை மெல்லத் தட்டினால் இது வந்துவிடும். அப்புறம் ஒட்டு போட்டது யார் என்றும் யோசியுங்கள். அவளே இரவில் தைத்தாளா? அப்படியென்றால் தையல் எப்படி இருக்கும்?

காலக்குழப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவதைக் கதைக்கு ஆண்டு கிடையாது, உங்கள் உலகத்துக்கு உங்கள் விதி. ஆனால் 1690-களின் பிரான்ஸ் என்று நீங்களே அறிவித்துவிட்டால், கண்ணைப் பறிக்கும் செயற்கை ஊதா உறுத்தும். அந்தச் சாயத்தை வில்லியம் பெர்கின் கண்டுபிடித்ததே 1856-இல்தான். முதுகில் ஜிப் தெரிந்தால் இன்னும் மோசம். விதியை எழுதி வையுங்கள், பிறகு அதை மீறாதீர்கள். அதேபோல் இன்னொரு சமூகத்தின் சடங்கு உடையை, அது என்ன என்றே தெரியாமல், மாயாஜாலமாக இருக்கிறது என்பதற்காக எடுத்து மாட்டாதீர்கள்.

கடைசியாக, நடிகரின் உடம்பை மறப்பது. கந்தலிலிருந்து நடன உடைக்கு மாற எத்தனை நொடி இருக்கிறது என்று இயக்குநரிடம் கேட்டுவிட்டுத்தான் பேட்டர்ன் வெட்ட வேண்டும். வெளியே பொத்தான் போலத் தெரியட்டும், உள்ளே வெல்க்ரோவோ பிரஸ் பட்டனோ இருக்கட்டும். செருப்பை மட்டும் முதல் வார ஒத்திகைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் படி இறங்கி ஓட வேண்டிய பெண்ணுக்கு, குதிகால் இரண்டு அங்குலம் உயர்ந்தாலே இடுப்பு சாய்ந்துவிடும். அதோடு அந்தச் செருப்பு நடனம் முழுக்கக் கழலக் கூடாது, ஆனால் அந்த ஒரு படியில் கழன்றே ஆக வேண்டும். கிரிம் கதையில் இளவரசன் படியெல்லாம் தார் பூசி வைக்கிறான், செருப்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. நமக்குத் தார் முடியாது. குதிகாலில் ஒரு எலாஸ்டிக் கண்ணி வைத்து, ஓடும்போது அவளே மறுகாலால் தட்டிவிடும்படி பழக்கினோம். சரியாக வர ஒன்பது நாள் ஆனது.