முதல்முறை டபுள்ஸ்: ஓட்டுவது சுலபம், ஏற்றி இறக்குவதுதான் பாடம்

வண்டி பழகி ஆறு மாதம் ஆகியிருந்த தைரியத்தில், ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஸ்ரீரங்கம் கிளம்பினேன். காவிரிப் பாலம், நெரிசல், வேகத்தடை எல்லாவற்றையும் அழகாகத் தாண்டிவிட்டேன். ராஜகோபுரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். அம்மா இறங்கினார். வண்டி என்னோடு சேர்ந்து வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. புடவையை உதறிச் சரிசெய்துகொண்டே, "நான்தான் இறங்கிட்டேனே, நீ ஏன்டா விழுந்தே?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் கிடைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளட்ச், கியரெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கையில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) மட்டும் இருந்தால் இன்னும் ஆள் ஏற்றக் கூடாது. சொல்லிக்கொடுக்க வருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் வைத்து ஓட்டச் சட்டத்தில் இடமில்லை.

1. முதலில் காற்று

பின் டயருக்குத் தனியாகப் போக ஓர் அளவு, ஆளோடு போக இன்னோர் அளவு உண்டு. என் பல்சர் 150-க்கு 28, 32 பிஎஸ்ஐ. முன் டயர் எப்போதும் 25. உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். காற்றுப் பிடிக்கும் இடத்தில் "ரெண்டுக்கும் முப்பது வச்சிடவா தம்பி?" என்பார்கள், தலையாட்டிவிடாதீர்கள். பேனா மாதிரி இருக்குமே, அந்த கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பார்த்தால் போதும்.

பின் ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) படிப்படியாக வெட்டிய வளையம் இருந்தால், அதை ஒரு படி கெட்டியாக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

2. யாரை முதலில் ஏற்றுவது

அம்மாவை அல்ல! வண்டி ஓட்டத் தெரிந்த நண்பன்தான் சரி, காலி மைதானத்தில். நான் புத்திசாலித்தனமாக 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். பயனில்லை. அரிசி தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காது, வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாயாது.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. சட்டப்படியே கட்டாயம். மண்டையில் கவிழ்த்த சட்டி போன்ற அரை ஹெல்மெட்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

3. ஏற்றுவது

நீங்கள் முதலில் உட்காருங்கள். சைடு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் பாரத்தை அதன் தலையில் வைக்க வேண்டாம். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். இரண்டு கால்களையும் கொஞ்சம் அகட்டித் தரையில் ஊன்றி, வலது கையால் முன் பிரேக்கைப் பிடியுங்கள். பிறகுதான் "ஏறுங்க".

ஏறுபவர் இடது ஃபுட்ரெஸ்டில் மிதித்த நொடியில் முழு எடையும் இடது பக்கம் இழுக்கும். அதை எதிர்பார்த்து உடம்பை லேசாக வலப்பக்கம் கொடுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. புடவை கட்டியவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகச் சொல்லுங்கள், துப்பட்டாவுக்கும் இதேதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, புடவை பின் சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டைக் கழற்றுபவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

4. ஓட்டுவது

இது தானாக வரும். கிளட்சை மெதுவாக விடுங்கள். கியர் மாற்றும்போது பின்னாலிருந்து ஹெல்மெட் 'டொக்'கென்று இடித்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முதல் நாளே நெரிசலில் யூ டர்ன் வேண்டாம்.

5. இறக்குவது

நான் விழுந்த இடம் இதுதான். அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்ததால் அவர் எடை கொஞ்சம் இடப்பக்கம். என்னை அறியாமலே நான் வண்டியை வலப்பக்கம் தள்ளிச் சமன் செய்துகொண்டிருந்தேன். நின்றதும் இடது காலை மட்டும் ஊன்றினேன். வலது கால் பின் பிரேக் மேலேயே இருந்தது. தனியாக ஓட்டும்போது அப்படித்தானே பழக்கம்! அம்மா குதித்து இறங்கினார். இடப்பக்க பாரம் சட்டென்று காணாமல் போனது, நான் தள்ளிக்கொண்டிருந்தது மட்டும் மிச்சம். வலது காலைக் கீழே கொண்டுவருவதற்குள் கதை முடிந்துவிட்டது.

ஆகவே, கடைசியாக நிற்கும் நொடியில் பொறுப்பை முன் பிரேக்கிடம் கொடுத்துவிட்டு வலது காலையும் இறக்குங்கள். நியூட்ரலுக்கு வந்து, இரண்டு கால்களும் ஊன்றியாயிற்றா என்று பார்த்த பிறகே இறங்கச் சொல்லுங்கள். மைதானத்தில் நண்பனை இருபது முறை ஏற்றி இறக்கினேன். ஓட்டியது மொத்தமே நாலு ரவுண்டுதான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் இரண்டு காலையும் ஊன்றியும் விழுந்திருக்கிறார், சாலையோர மணலில் கால் வழுக்கி. ஓரமாக நிறுத்தலாம்; மணலில், சரிவில் வேண்டாம்.

இன்னொருவர் சிக்னலில் அப்பாவிடம் "இரு, இரு" என்று சொல்ல, ஹெல்மெட்டுக்குள் அது "இறங்கு" என்று கேட்டு, அவர் நடுச்சாலையில் இறங்கிவிட்டாராம். எனக்கு இது தோன்றவே இல்லை. இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு வேறு: நிற்கும்போது நான் வாயே திறப்பதில்லை. எல்லாம் ஊன்றிய பிறகு "சரிம்மா" என்பேன். அந்தச் சொல் வரும்வரை அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார், வீட்டு வாசலே ஆனாலும்.