பழைய நிறுவனத்திடம் சம்பள பாக்கியைக் கேட்டுப் பெறும் முறை

வேலையை விட்டபின் சம்பள பாக்கி கேட்டுப் போகிறவர்களை "கணக்கு இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு இதற்கு இடம் தரவில்லை. நீங்களாக ராஜினாமா செய்திருந்தாலும், நிர்வாகம் நீக்கியிருந்தாலும், நிறுவனமே மூடப்பட்டிருந்தாலும், இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த மாதம் 24,000 ரூபாய் என்ற வரம்பும் இதில் இல்லை என்பதால், மேற்பார்வையாளர்களும் மேலாளர்களும்கூட இந்த உரிமையைக் கோரலாம்.

முதலில் தொலைபேசியில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, வரவேண்டிய தொகையை ஒரு தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். மாதம் 22,000 ரூபாய் சம்பளத்தில் ஏப்ரல் 18 வரை வேலை செய்த ஒருவருக்கு மார்ச் மாதச் சம்பளமும் வரவில்லை என்றால், மார்ச்சுக்கு 22,000, ஏப்ரலில் 18 நாள்களுக்கு 13,200, ஆக மொத்தம் 35,200 ரூபாய் என்று வரிவரியாக இருக்க வேண்டும். மிகைநேர ஊதியம், விடுப்புக்கான பணம் போன்றவற்றைத் தனித்தனி வரிகளில் காட்டுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் நிர்வாகம் அதை எளிதில் மறுத்துவிடும். வரிவரியாக எழுதிய கணக்கை மறுப்பதானால் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கை இணைத்து, பணத்தைச் செலுத்த ஒரு தேதியைக் குறிப்பிட்டு, கோரிக்கைக் கடிதத்தை மின்னஞ்சலிலும், பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்த விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, ராஜினாமா மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள். மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் படம் பிடித்து வைப்பதோடு நிறுத்தாமல், அவை வந்த கைபேசியிலும் அழிக்காமல் வைத்திருங்கள். நியமனக் கடிதமே கிடைக்காதவர்களுக்கு இத்தகைய செய்திகளும் வங்கி வரவுகளும்தான் அங்கே வேலை செய்ததற்கான சான்று. வேலை செய்தது உறுதியானால், ஊதியத்தைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

ரிலீவிங் கடிதம் வேண்டுமானால் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்திடச் சொல்வார்கள். பணம் கணக்கில் வரவாகும் வரை கையெழுத்திட வேண்டாம். தவிர்க்க முடியாத நிலையில், உண்மையில் பெற்ற தொகையையும் தேதியையும் உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நோட்டீஸ் காலத்தை முடிக்கவில்லை என்று பணத்தைப் பிடித்திருந்தால், நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஊதியக் காலத்தின் மொத்தப் பிடித்தம் அந்த ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

குறிப்பிட்ட தேதிக்குள் பணம் வராவிட்டால், உங்கள் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுத்து, மனு எண்ணுடன் ஒப்புகை பெறுங்கள். உரிய அதிகாரியிடம் கோரிக்கை மனு தாக்கல் செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பழைய ஊதியச் சட்டத்தில் அது ஓராண்டாக இருந்ததால், 2025 நவம்பருக்கு முந்தைய பாக்கி உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. பலருக்குப் பாக்கி இருந்தால் அனைவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தவர்கள், வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் அந்த நிறுவனமே கொடுக்கக் கடமைப்பட்டது.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச உதவி உண்டு.

விசாரணையில் கோரிக்கை உறுதியானால், பாக்கியுடன் அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உள்ளது. உத்தரவுக்குப் பிறகும் பணம் தராத முதலாளியிடமிருந்து, அதிகாரி அனுப்பும் வசூல் சான்றிதழின்படி மாவட்ட ஆட்சியர் அத்தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துக் கொடுப்பார். ஆகவே, மனு தாக்கல் செய்யும்போதே முதலாளியின் அலுவலக முகவரியுடன், அவருக்குச் சொத்து இருக்கும் இடமும் தெரிந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.