பூங்கா ஊழியர்களுக்குப் பயிற்சியா? மண்டபத்தை விடுங்கள், ஊஞ்சலடிக்கு வாருங்கள்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்கேயும் தேவகோட்டையிலும் சுற்றியுள்ள பேரூர்களிலும் ஊரணிக் கரையில் நடைபாதை போட்டு, நாலு ஊஞ்சல் நட்டு, சறுக்கு மரம் வைத்துப் பூங்கா என்று திறந்துவிடுகிறோம். ஆனால் அதைத் தினமும் காலையில் திறந்து ராத்திரி பூட்டுகிற வாட்ச்மேன் அண்ணனுக்கும், செடிக்குத் தண்ணீர் விடுகிற அக்காவுக்கும், கூட்டிப் பெருக்குகிறவருக்கும் அந்த வேலையை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? நான் பார்த்தவரை இல்லை. பூங்காவில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் முதலில் திட்டு வாங்குவது மட்டும் அவர்கள்தான்.

சில வருடங்களாக இந்தப் பக்கத்துப் பூங்கா ஊழியர்களுக்குச் சிறு பயிற்சிகள் நடத்தி வருகிறேன். முதல் தடவை ஒரு மண்டபத்தில் நாள் முழுக்க வைத்தேன், புரொஜெக்டர், பேச்சாளர், மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு, எல்லோரும் அமைதியாகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் வாய் பிளந்திருந்த ஊஞ்சல் கொக்கி அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மண்டபத்தை விட்டுவிட்டேன். பூங்காவுக்குள்ளேயே, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு விஷயம், ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. காலை நடைக்கு வருகிறவர்கள் கிளம்பிய பிறகு வையுங்கள். அக்னி நட்சத்திரச் சமயத்தில் இன்னும் முன்னாலேயே, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதல் நாளே ஒப்பந்தக்காரரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். கூலியை விட்டுவிட்டுப் படிக்க வா என்று யாரையும் கூப்பிடக் கூடாது.

எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் அவர்களோடு பூங்காவை ஒரு சுற்று நடந்து வாருங்கள், பேச்சை அவர்களிடம் விட்டுவிடுங்கள். "மழைக்கு அப்புறம் அந்தப் படி வழுக்குது", "சாயங்காலம் ஆனா அந்த மூலையில பசங்க தண்ணியடிக்குறாங்க, நான் சொன்னா கேக்குறதில்ல", "இந்தக் கம்பத்தைத் தொட்டா சுர்ருங்குது". உங்களுக்கு வேண்டிய பாடத்திட்டம் இந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும். மின்கம்பத்தை மட்டும் பயிற்சி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே இணைப்பைத் துண்டித்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா விளக்குக் கம்பங்களையும் பார்த்து, மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் தானாகத் துண்டிக்கிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வாட்ச்மேனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

சொல்லிக் கொடுக்கும் முறைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்கள் நிறைய வந்தபோது, அவர்களைச் சீக்கிரம் பழக்குவதற்கு நாலு படி வைத்துக்கொண்டார்கள். ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவரையே செய்ய விடு, பிறகு போய்ப் பார். இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது படியில்தான் நாம் அவசரப்படுகிறோம். அவர் தன் கையால் செய்ய வேண்டும், செய்யும்போதே ஏன் அப்படி என்று தன் வாயால் சொல்லவும் வேண்டும். சொல்லத் தடுமாறினால் இன்னொரு தடவை காட்டுங்கள், கோபப்படாதீர்கள்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம், நான் எப்போதும் இதில்தான் தொடங்குவேன். சங்கிலியைப் பலகையோடு சேர்க்கிற கொக்கியின் வாயில் ஏடிஎம் கார்டு நுழைந்தால் அது திறந்துவிட்டது என்று அர்த்தம், இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். சங்கிலி வளையம் உரசி மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது கீழே இருக்கும் மண். நம் ஊர்ச் செம்மண் வெயிலில் இறுகினால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும், அதன்மேல் மேலாக நாலு கூடை மணல் தூவுவதில் பிரயோஜனமில்லை. சுமார் ஒரு அடி ஆழத்துக்கு இளக்கமான மணல் வேண்டும். பிள்ளைகள் கால் தேய்த்துத் தேய்த்துப் பலகைக்கு நேர் கீழே பள்ளம் விழும், அங்கேதான் மணல் முதலில் காணாமல் போகும், வாரம் ஒரு முறை மண்வெட்டியால் கிளறி இழுத்துவிட்டால் போதும். விளையாட்டுக் கருவிகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடிக்குக் கல், பெஞ்சு, தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம், ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு விட வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஏறி விளையாடுகிற கம்பிகளுக்கும் தடுப்புகளுக்கும் நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்பது அங்குலத்துக்குள் இடைவெளி இருந்தால் சின்னப் பிள்ளையின் உடம்பு உள்ளே போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். தச்சரிடம் சொல்லி மூன்றரைக்கு ஆறேகால் அங்குலத்தில் ஒரு மரத்துண்டும், ஒன்பது அங்குல வட்டப் பலகை ஒன்றும் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மரத்துண்டு நுழைகிற சந்தில் வட்டப் பலகையும் நுழைய வேண்டும். நுழையவில்லையா, அந்தச் சந்தை அடைத்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இதை வைத்துப் பூங்கா முழுவதையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடுவார். தகரச் சறுக்கு மரத்தை மத்தியானத்தில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் இதே பாடத்தில்தான் வரும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் கயிறு கட்டி மறித்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்ற அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஊரணி உள்ள பூங்கா என்றால் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். செம்புராங்கல் படியில் பாசி பிடித்தால் பெரியவர்களே நிற்க முடியாது. யாராவது தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்கூட உடனே குதித்துவிடுகிறார், மூழ்குகிறவர் பயத்தில் இவரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் போகிற உயிர் இரண்டாகிறது. கரையில் இருந்தபடி கம்போ துணியோ நீட்டுங்கள், எட்டாவிட்டால் மிதக்கிற எதையாவது எறியுங்கள். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டிப் படியருகே தொங்கவிடுங்கள், கொஞ்சம் கனம் இருந்தால்தான் வீசுகிற இடத்துக்குப் போகும். ஒவ்வொருவரும் பத்துத் தடவை வீசிப் பழகட்டும். முதல் இரண்டு மூன்று எங்கெங்கோ போய் விழும், பத்தாவது சரியாகப் போய்ச் சேரும். வெளியே எடுத்தவர் மூச்சில்லாமல் இருந்தால் செய்ய வேண்டிய முதலுதவியை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற அந்தக் கணக்கை, வாயால் சொல்லித் தராதீர்கள். பயிற்சி பெற்ற செவிலியரை வரவழைத்து, பொம்மை வைத்துப் பழகட்டும். தீயணைப்பு நிலையத்தில் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேட்டால் மீட்புச் செயல்விளக்கத்துக்கும் ஏற்பாடு செய்யலாம்.

பாம்புக்கும் ஒரு வார்த்தை. கடித்த இடத்தைக் கீறாதே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, ஆளை ஓட விடாமல் அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பு. இதை ஆளுக்கு ஒரு முறை திரும்பச் சொல்ல வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வருகிறவர்களிடம் பேசுவதைப் பற்றி எழுதினால் நீளும். என் வழி நடிக்க வைப்பதுதான். ஒருவர் சண்டைக்கு வருகிற இளைஞனாக, ஒருவர் நடைபாதையில் செருப்பு விட்டதற்குக் குறைப்படுகிற ஆச்சியாக, ஒருவர் வாட்ச்மேனாக. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள், பிரமாதமாக நடிப்பார்கள். "இறங்குடா" என்பதற்கும் "தம்பி, கொக்கி தேஞ்சிருக்கு, அந்தப் பக்கத்து ஊஞ்சல்ல ஆடுங்க" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் விளக்கவே தேவையில்லை, எதிரே நிற்பவர் முகத்தில் அவர்களே பார்த்துவிடுவார்கள். குடித்துவிட்டு வம்பு செய்கிறவரிடம் தனியாக மல்லுக்கு நிற்க வேண்டாம், தள்ளி நின்று அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடலாம் என்பதையும் அப்போதே பழக்குங்கள்.

மாசி-பங்குனி முத்துமாரியம்மன் திருவிழாச் சமயத்தில் வெளியூர்க் கூட்டம் ஏறும், பிள்ளைகள் தவறிப்போவதும் நடக்கும். தவறிய பிள்ளையைத் தனி அறைக்குள் கூட்டிப் போகாதீர்கள், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இரண்டு பெரியவர்கள் கூட இருக்கட்டும். பிள்ளையின் பெயரையும் சட்டை நிறத்தையும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள், தேடி வருகிறவர் அந்த அடையாளத்தைச் சொல்லட்டும். யாரும் வரவில்லை என்றால் போலீஸையும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கூப்பிடுங்கள். ஒரு பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்ததாகத் தெரிந்தால் அதை மறைக்கக் கூடாது, 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

மரம் செடி விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் கிளை பரந்திருக்கிற ஓரம் வரைக்கும் பாத்தி கட்டி விடுவதையும், சருகைக் கொளுத்தாமல் மூடாக்காகப் போடுவதையும் எங்கள் தோட்டத்து அக்கா சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் கேட்கிறார்கள். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர், பயிற்றுநருக்கான தொகை இருந்தால் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

முடிந்தால் வருடம் ஒரு நாள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றி, மழைக்குப் பிறகு திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அறிவிப்புப் பலகை மட்டும் நட்டு இப்படி ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட முடியாது. திரும்பி வரும் வழியில் நம் பூங்காவுக்கு வருகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

ஒப்பந்தம் மாறும்போது ஆளும் மாறிவிடுகிறார். அதனால் யார் எதைப் பழகினார் என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, ஒரு நகல் அவரிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டிக் கேட்க அவருக்கு அது வேண்டும். அப்புறம் நாலு வாரம் கழித்து, சொல்லாமல் ஒரு நாள் போய், ஏடிஎம் கார்டை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். எந்த ஊஞ்சலுக்கு முதலில் போகிறார் என்று பாருங்கள்.