டிஎல்1 கமாண்ட் அடிக்கணுமா? மொதல்ல கோலன் எண்ணுங்க

நார்த் அமெரிக்கா டெலிகாம் நெட்வொர்க்க பாத்துக்குற டீம்ல புதுசா சேந்தீங்கன்னா மொத வாரமே டிஎல்1 (டிரான்சாக்‌ஷன் லாங்குவேஜ் 1, நெட்வொர்க் பாக்ஸுங்களுக்கு கமாண்ட் அடிக்கிற பாஷ) உங்க தலையில வந்து விழும். 1984-ல அமெரிக்காவோட பெரிய ஃபோன் கம்பெனி பெல் சிஸ்டம் பிரிஞ்ச சமயத்துல, அதுலேர்ந்து வந்த கம்பெனிங்களோட ஆராய்ச்சி அமைப்பு பெல்கோர் கொண்டுவந்தது இது, ஒவ்வொரு கம்பெனி பாக்ஸும் ஒவ்வொரு பாஷ பேசுனா உக்காந்து பாக்குறவன் கதி என்னன்னு எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பாஷ. சோனெட் பாக்ஸ், டிடபிள்யூடிஎம், சில இடத்துல ஜிபான் மேனேஜர்னு ஃபைபர் நெட்வொர்க் சாமான்கள்ல இன்னும் உயிரோடதான் இருக்கு. பாக்க கண்றாவியா இருக்கும், ஆனா புரிஞ்சுக்க ஒரு மத்தியானம் போதும்.

நான் இங்க தமிழ் எழுத்துல எழுதுறேன், நீங்க ஸ்க்ரீன்ல இங்கிலீஷ் எழுத்துதான் அடிக்கணும், சரியா. எலும்புக்கூடு இதான்:

வெர்ப்-மாடிஃபையர்:டிஐடி:ஏஐடி:சிடேக்:ஜெனரல் பிளாக்:மத்த விவரம்;

டிஐடின்னா எந்த பாக்ஸ். ஏஐடின்னா அந்த பாக்ஸுக்குள்ள எந்த கார்டு, எந்த போர்ட். சிடேக் நீங்களே போட்டுக்குற டோக்கன் நம்பர், 6 எழுத்துக்குள்ள இருக்கணும், பதில் வரும்போது அதே நம்பரோட திரும்பி வரும். கடைசில செமிகோலன், அது இல்லன்னா நீங்க இன்னும் பேசி முடிக்கலன்னு பாக்ஸ் பேசாம காத்துக்கிட்டே இருக்கும், நீங்க லிங்க் போச்சுன்னு நெனச்சு டென்ஷன் ஆவீங்க.

மொதல்ல லாகின்:

ஏசிடி-யூசர்::உங்கயூசர்:101::பாஸ்வேர்ட்;

அடுத்து அலாரம் பாக்க:

ஆர்டிஆர்வி-ஏஎல்எம்-ஆல்:::102;

ரெண்டுலயும் சிடேக்குக்கு முன்னாடி எத்தன கோலன்னு எண்ணிப் பாருங்க. 3. நடுவுல பேர் இருந்தாலும் காலியா இருந்தாலும் 3தான். இந்த மொழியில இடம்தான் அர்த்தம், ஒரு கோலன் விட்டா உங்க டோக்கன் நம்பர போர்ட் நம்பர்னு எடுத்துக்கும். நான் இப்பவும் என்டர் தட்டறதுக்கு முன்னாடி விரல் வெச்சு எண்ணுவேன், பக்கத்து சீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

பதில்ல "எம் 102" பக்கத்துல கம்ப்ளீடடுக்கு சுருக்கமா ஒரு வார்த்த வந்தா வேல முடிஞ்சது. டினைன்னு வந்தா கீழ இருக்குற நாலெழுத்து கோட பாருங்க. அத மனப்பாடம் பண்ண வேணாம், மொத எழுத்து ஐ-ன்னா நீங்க அடிச்சது தப்பு, பி-ன்னா உங்களுக்கு அனுமதி இல்ல, எஸ்-ன்னா அந்த நெலமயில பாக்ஸால முடியல. ஐஐடிஏ வந்தா டிஐடி தப்பு, ஐஐஏசி வந்தா ஏஐடி தப்பு, பிஎல்என்ஏ வந்தா நீங்க லாகினே பண்ணல. அலாரம் வரிக்குள்ள எம்ஜே, எல்ஓஎஸ், எஸ்ஏன்னு பக்கத்துல பக்கத்துல பாத்தீங்கன்னா மேஜர் அலாரம், சிக்னலே வரல, சர்வீஸ் அடி வாங்கிருக்குன்னு அர்த்தம், டீ அப்புறம் குடிக்கலாம்.

இப்ப முக்கியமான இடம். பல நேரம் நீங்க நேரா அந்த பாக்ஸுக்குப் போக மாட்டீங்க, ஒரு கேட்வே பாக்ஸ்ல நுழைஞ்சு அது வழியா பின்னாடி இருக்குற பாக்ஸுக்கு கமாண்ட் அனுப்புவீங்க. அங்க டிஐடிய காலியா விட்டா எர்ரர் வராது, அதான் வில்லங்கம், கேட்வே தனக்குத்தான் சொல்றாங்கன்னு எடுத்துக்கும். ஒரு நைட் ஷிஃப்ட்ல தூரத்து பாக்ஸ் போர்ட்ல லூப்பேக் (வர்ற சிக்னல அப்படியே திருப்பி விடுற டெஸ்ட்) போட ஓபிஆர்-எல்பிபிகே அடிச்சேன், டிஐடி போடல, அதே ஏஐடி கேட்வேலயும் இருந்துச்சு, நல்ல புள்ளையா கம்ப்ளீட்னு பதில் வந்துச்சு, ரெண்டாவது நிமிஷம் ஸ்க்ரீன் பூரா செவப்பு. ஆர்எல்எஸ்-எல்பிபிகே போட்டு எடுக்குறதுக்குள்ள கை நடுங்கிப் போச்சு. அன்னிலேர்ந்து பாக்குற கமாண்டுக்குக்கூட டிஐடி போடாம அடிக்கிறதில்ல. பதிலோட தலைப்பு வரியில எந்த பாக்ஸ் பேசுதுன்னு பேர் வரும், கம்ப்ளீட்ட பாக்குறதுக்கு முன்னாடி அத பாருங்க.

ஸ்க்ரிப்ட் எழுதுறவங்களுக்கு ஒண்ணு. நீங்க கேக்காமயே பாக்ஸ் தானா அலாரம் அனுப்பும், அதுவும் செமிகோலன்லதான் முடியும். செமிகோலன் வந்துச்சு, பதில் வந்துச்சுன்னு எழுதாதீங்க, "எம்"முக்குப் பக்கத்துல உங்க சிடேக் இருக்கான்னு பாத்து எடுங்க. ஒவ்வொரு கமாண்டுக்கும் வேற நம்பர் போடுங்க, எல்லாத்துக்கும் 1 போட்டா அப்புறம் எது எதோட பதில்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. பதில் பெருசா இருந்தா செமிகோலனுக்கு பதிலா > வரும், அப்படின்னா இன்னும் மிச்சம் வருது.

கெளம்பும்போது விண்டோவ சும்மா மூடாதீங்க:

சிஏஎன்சி-யூசர்::உங்கயூசர்:199;

இல்லன்னா செஷன் அங்கயே தொங்கும், சில பாக்ஸ்ல செஷன் எண்ணிக்க ரொம்ப கம்மி, காலைல வர்றவன் உள்ள நுழைய முடியாம உங்களுக்குத்தான் ஃபோன் போடுவான், நீங்க அப்பதான் தூங்க ஆரம்பிச்சிருப்பீங்க.