தேக்கால உக்காந்து ஃபீல்ட் நோட்ஸ் எழுதுறது எப்படி

முதல் தடவை தீசிஸுக்கு பார்ட்டிசிபன்ட் அப்சர்வேஷன் (ஒரு இடத்துல இருக்குறவங்களோட சேந்து இருந்து, பாத்து எழுதுற ஆராய்ச்சி முறை) பண்ணப்போற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணுதான், "அக்கா, அங்க போயி என்னத்த எழுதுறது?" நான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா சென்டர்ல ஒரு தேத்தண்ணி ஸ்டால்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா இருந்து பழகினதத்தான் சொல்றேன், உங்க இடம் காப்பிக்கடையா இருந்தாலும் கோயிலா இருந்தாலும் புளோக்குக்குக் கீழ இருக்குற வாய்ட் டெக்கா இருந்தாலும் பொருந்தும்.

முதல்ல யுனிவர்சிட்டி எத்திக்ஸ் அப்ரூவல் (மனுஷங்கள வச்சு ஆராய்ச்சி பண்ண அனுமதி) கையில வரட்டும். அப்புறம் ஸ்டால்காரர்கிட்ட நேரா போயி நான் இன்னார், இதுக்காக வர்றேன், உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்கண்ணேன்னு சொல்லுங்க. சும்மா ஒரு மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காதீங்க, மேசை துடைங்க, கிளாஸ் எடுத்துக் குடுங்க. சேந்து வேலை செய்யும்போதுதான் கூட்டம் ஏறுற நேரத்துல யாரு யாருக்கு வழி விடுறாங்கன்னு உடம்புக்கே தெரியும், இன்டர்வியூல அத யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கே அது சொல்ற விஷயமா தோணாது.

அங்கேயே நோட்டுப்புக்க விரிச்சு எழுதினா பேச்சு நின்னுடும். அதனால கழிவறைக்குப் போறப்ப, இல்ல எம்ஆர்டி ரயில்ல, ஃபோன்ல ரெண்டு மூணு வார்த்தை மட்டும் குறிச்சுக்குங்க, "11.40, சில்லறை, நீலச் சட்டை" அவ்வளவு போதும். முழு நோட்ஸ அன்னிக்கு ராத்திரியே எழுதிடணும், தூங்கி எழுந்தா பாதி போயிடும், இன்னொருத்தர்கிட்ட கதையா சொல்லிட்டு எழுதினா சொன்ன கதைதான் நோட்ஸ்ல வரும். எனக்கு ஒரு மணி நேரம் பாத்தத எழுத ரெண்டு மணி நேரம் ஆகும், அதுக்கும் சேத்து நேரம் ஒதுக்கிட்டுப் போங்க.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணு இருக்கு, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுறது. நம்ம ஊர்ல படிச்சதெல்லாம் இங்கிலீஷ்ல, அதனால கை தானா இங்கிலீஷ்ல எழுதிடும். "அண்ணே, ரெண்டு தே-ஓ கோசோங் புங்குஸ்"னு ஒருத்தர் கேட்டத "ஒரு வாடிக்கையாளர் பாலும் சர்க்கரையும் இல்லாத ரெண்டு டீ வாங்கிட்டுப் போனார்"னு மாத்திட்டீங்கன்னா அந்த அண்ணே போச்சு, ஒரே வாக்கியத்துல தமிழும் மலாயும் ஹொக்கியனும் கலந்து வந்ததும் போச்சு. அதே ஸ்டால்காரர் யாருகிட்ட தமிழ்ல, யாருகிட்ட மலாய்ல பேசுறாரு, யார அண்ணேங்கிறாரு, யார பாஸ்ங்கிறாரு, இதுலதான் உங்க தீசிஸே இருக்கலாம். இந்தக் கட்டடத்தையே பாருங்க, 1982ல திறந்தப்ப பின்யின்ல, அதாவது மாண்டரின் உச்சரிப்புப்படி, ஜூஜியாவ் சென்டர்னு பேர் வச்சாங்க, ஜனங்க வாய்ல தேக்கா தேக்காதான், 2000ல பேரையே தேக்கா சென்டர்னு மாத்தினாங்க. அந்த வருஷங்கள்ல ஒருத்தர் போர்டுல இருந்த பேர மட்டும் நோட்ஸ்ல எழுதியிருந்தா மனுஷங்க எங்க போறதா நெனச்சுப் போனாங்கன்னு தெரியாமலே போயிருக்கும்.

அடுத்தது, பாத்தது வேற, நீங்க நெனச்சது வேற. என் முதல் மாச நோட்ஸ்ல "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க"ன்னு எழுதி வச்சிருந்தேன், தீசிஸ் எழுத உக்காந்தப்ப அத வச்சு ஒண்ணுமே பண்ண முடியல, ரொம்ப வலிச்சுது. "மூணு பேர், ஒரே ஃபோன், ஊர்ல இருக்குற பிள்ளைய வீடியோல மாத்தி மாத்திப் பாத்தாங்க, தே ஆறிப்போச்சு, யாரும் எடுக்கல"ன்னு எழுதியிருந்தா இன்னிக்கும் அந்த மேசை கண்ணு முன்னாடி நிக்கும். உங்க நெனப்ப பக்கத்துல கோடு போட்டு தனிப் பத்தியா எழுதுங்க, கோவம், சலிப்பு, பயம் எல்லாம் தனி டைரில. மானிடவியல் ஆராய்ச்சியாளர் மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் நடுவுல ரெண்டு தடவையா ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல தங்கி இந்த முறைக்கு அஸ்திவாரம் போட்டவரு, அவரோட சொந்த டைரி அவர் செத்தப்புறம் 1967ல வெளிவந்தப்ப அந்த மக்கள் மேல அவருக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அதுல இருந்துச்சு. நமக்கும் வரும், வந்தத எழுதி வச்சாத்தான் அது நம்ம பார்வைய எங்க திருப்புச்சுன்னு பின்னாடி பிடிக்க முடியும்.

அங்க வர்றவங்களோட பேர், அவங்க தங்குற டார்மிட்டரி (வெளிநாட்டுத் தொழிலாளிங்க விடுதி), கம்பெனி எதையும் நோட்ஸ்ல அப்படியே போடாதீங்க, புனைபேர் வைங்க, எந்தப் பேர் யாருங்கிற பட்டியல வேற இடத்துல பூட்டி வைங்க. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம், வாரக்கடைசியில பொது இடத்துல குடிக்கக் கூடாது. ஒர்க் பெர்மிட்ல இங்க வந்து வேலை செய்யுற ஒரு அண்ணன் கையில பாட்டில் இருந்ததுன்னு அடையாளத்தோட நீங்க எழுதினது வேற யார் கண்ணுலயாவது பட்டா அவர் பொழப்பே போயிடலாம். இதுல எனக்கு விட்டுக்குடுக்குற மனசே இல்ல.

வாரம் ஒரு தடவை, புதன்கிழமை மாதிரி, பழைய நோட்ஸ எல்லாம் முதல்ல இருந்து படிங்க. எது திரும்பத் திரும்ப வருது, யாரப் பத்தி எழுதவே இல்ல (எனக்கு அது கிளாஸ் கழுவுற ஆன்ட்டி, நாலு வாரம் அவங்க என் நோட்ஸ்லயே இல்ல)ன்னு ஒரு பக்கம் மெமோ எழுதி, அதுல இருந்து ரெண்டு கேள்வி எடுத்துக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க.