ஆதார் அட்டையில் ஹாலோகிராம் பார்ப்பது எப்படி?

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் வரவேற்பைப் பார்த்துக்கொள்கிறேன். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஆதார் பிவிசி (பிளாஸ்டிக்) அட்டை நீட்டினால், ட்யூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பேன். ஹாலோகிராமில், அதாவது அட்டையில் மினுங்கும் பாதுகாப்பு முத்திரையில், நிறம் நகர வேண்டும். அதிலுள்ள மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஒளியைக் கோணத்துக்குக் கோணம் வேறு நிறமாகப் பிரித்து அனுப்பும். கலர் ஜெராக்ஸ் ஒரு கோணத்தை மட்டுமே பிடிக்கும். எப்படித் திருப்பினாலும் அசையாது.

ஆனால் ஹாலோகிராம் ஆளைச் சொல்லாது. அதற்கு க்யூஆர் கோடு. ஆதார் ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் காட்டினால் பெயரும் படமும் வரும், டிஜிட்டல் கையொப்பமும் சரிபார்க்கப்படும். படத்தை முகத்தோடு ஒப்பிடுங்கள். கீமோ எடுத்தவர்களுக்கு முடி கொட்டியிருக்கும். கண்ணையும் காதையும் பாருங்கள், கேள்வி கேட்டு நோகடிக்காதீர்கள்.

வீட்டில் அச்சிட்ட இ-ஆதாரில் ஹாலோகிராம் இருக்காது. அதற்காகத் திருப்பி அனுப்பாமல் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்.