சிறந்த படம் எது என்று வாக்கெடுக்க முதல்: புதுக் குழுக்கள் விடும் பிழைகள்

வாசிகசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ இருபது பேர் கூடி, "இந்த நூற்றாண்டில் வந்த படங்களில் திறமானது எது?" என்று விவாதம் வைத்து, கடைசியில் ஒரு பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்ல வேலை. கிளிநொச்சியில் வைத்தாலும் புதுக்குடியிருப்பில் வைத்தாலும் வவுனியாவில் வைத்தாலும் புதிதாகத் தொடங்கும் குழு, முந்தின குழு விழுந்த அதே கிடங்கில்தான் போய் விழுகிறது. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே பாயக்கூடாது, நடிகனுக்காக அடிபடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவாதம் சுமுகமாக நடந்து முடிந்தும் பட்டியல் பழுதாகிப் போகிற இடங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நூற்றாண்டு எந்தத் திகதியில் தொடங்குகிறது

கணக்குப்படி 2001 ஜனவரி 1. ஆனால் பிபிசி 2016-இல் எடுத்த வாக்கெடுப்பிலும் நியூயோர்க் ரைம்ஸ் 2025-இல் எடுத்ததிலும் 2000-ஆம் ஆண்டுப் படங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எதை வைத்தாலும் பரவாயில்லை, முதல் கூட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். 2001 என்று வைத்தால் கமல்ஹாசனின் 'ஹே ராம்' போய்விடும். வொங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபோர் லவ்', எட்வர்ட் யாங்கின் 'யி யி' இரண்டும் போய்விடும். மூன்றும் 2000. இதை வாக்கு எண்ணும்போது ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைய கூட்டம் அதோடு சரி.

முதன்முதலாகத் திரையிட்ட ஆண்டையே எடுங்கள். 'சிட்டி ஒஃப் கோட்' 2002-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம். ஒஸ்கார் பரிந்துரை கிடைத்ததோ 2004-இல். ஒருவர் ஒரு ஆண்டையும் மற்றவர் வேறு ஆண்டையும் எழுதினால் ஒரே படம் இரண்டு வரியில் விழுந்து வாக்குப் பிரியும்.

பார்த்தவர் கணக்கு எடுக்காமல் வாக்கு எண்ணுவது

எல்லாவற்றிலும் பெரிய பிழை இதுதான். எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், இன்றைக்கும் எரிச்சல் தருவதும் இதுதான்.

எண்களைப் பார்த்தால் விளங்கும். 24 பேர் கூடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை 23 பேர் பார்த்திருக்கிறார்கள். 9 பேர் வாக்குப் போடுகிறார்கள். 'யி யி'யைப் பார்த்தவர்கள் 3 பேர். மூன்று பேரும் வாக்குப் போடுகிறார்கள். பலகையில் 9 என்றும் 3 என்றும் எழுதி, முதலாவது மேலே, இரண்டாவது வெளியே என்று முடித்துவிடுவார்கள். ஆனால் முதலாவதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட அதை எடுக்கவில்லை. இரண்டாவதைப் பார்த்த ஒருவர்கூட அதை விடவில்லை. அதற்காக நூறு வீதம் என்று சொல்லி 'யி யி'யைத் தூக்கி மேலே வைப்பதும் பிழை. மூன்று பேர் ஒன்றாக இருந்து பார்த்த மூன்று சிநேகிதராக இருக்கலாம். இரண்டு கணக்கும் சொல்வது ஒன்றுதான்: இந்தப் படத்தைப் பற்றி இந்த 24 பேரும் இன்னும் முடிவு சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

வன்னியில் இது மற்ற இடங்களைவிடக் கடுமையாக அடிக்கும். நூற்றாண்டு தொடங்கும்போது இங்கே பொருளாதாரத் தடை. எரிபொருளும் பற்றரியும் கட்டுப்பாட்டில் இருந்தன, மின்கம்பி இல்லை, ஜெனரேற்றர் வைத்து ரீவியும் டெக்கும் போட்டு ஊரே கூடிப் பார்த்த படங்கள்தான். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாண வீதியான ஏ-9 திறந்த பிறகு இறுவட்டுகள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி திரும்பவும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும், அதன்பின் முகாமில் இருந்த காலத்திலும், யாரும் படம் பார்க்கிற நிலையில் இருக்கவில்லை. ஆகவே இங்கே வளர்ந்த, இப்போது முப்பத்தைந்து தாண்டிய ஒருவரிடம் 2000 தொடக்கம் 2009 வரையான படங்களைக் கேட்டால் 2003, 2004-ஐச் சுற்றி ஒரு கொத்துத் தமிழ்ப் படங்கள் வரும். மற்றப்பக்கம் வெறுமையாக இருக்கும். இருபது வயதுக்காரரிடம் கேட்டால் எல்லாம் 2015-க்குப் பிறகு. இரண்டு பகுதியையும் கூட்டி எண்ணினால் கிடைப்பது வீதி எப்போது திறந்தது, கரண்ட் எப்போது வந்தது, சமிக்ஞை எப்போது கிடைத்தது என்ற சரித்திரம். அதன் தலைப்பில் 'சிறந்த படங்கள்' என்று எழுதி ஒட்டுகிறார்கள்.

இதற்குள் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரரையும் வாட்ஸ்அப்பில் வாக்குப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் அதே பத்தாண்டுப் படங்களைத் திரையரங்கில் பார்த்தவர்கள். பத்து வாக்கு அங்கிருந்து வந்தால் போதும், பட்டியலின் மேல்பாதி மாறிவிடும். அது தவறில்லை, ஆனால் ஊரில் இருப்பவர்கள் பார்க்காத படங்கள் ஊரின் பட்டியலாகச் சுவரில் ஏறும். அவர்களுக்கு வேறு தாள் கொடுங்கள், வேறாக எண்ணுங்கள்.

நட்டம் எங்கே என்று கேட்பீர்கள். ஒட்டிய பட்டியல் அடுத்த வருடம் பாடத்திட்டம் ஆகிவிடுகிறது. புதிதாக வருகிற பெடியள் அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு போய், அதிலுள்ளவற்றையே தேடி இறக்கிப் பார்க்கிறார்கள். முதல் குழு பார்க்காததை இரண்டாவது குழுவும் பார்க்காது. மூன்று வருடத்தில் அந்த ஓட்டை நிரந்தரமாகிவிடும். பெரிய இடத்திலும் இதே கதைதான்: பிபிசியின் 2016 பட்டியலுக்கு 36 நாடுகளைச் சேர்ந்த 177 விமர்சகர்கள் வாக்களித்தார்கள், நூற்றுக்குள் ஒரு இந்தியப் படமும் இல்லை. பதினாறு வருடத்தில் இந்தியாவில் நல்ல படமே வரவில்லை என்று அதற்குப் பொருள் எடுப்பீர்களா?

செய்ய வேண்டியது இது. முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஐந்து படம் எழுதிக் கொடுக்கட்டும். திரும்ப வருவதைக் கழித்து ஒரு நீளப் பட்டியல் போடுங்கள். பெரிய தாளில் படங்களை மேலிருந்து கீழாகவும் ஆட்களின் பெயரைக் குறுக்காகவும் எழுதி, மூன்று குறி மட்டும் வையுங்கள்: முழுதாகப் பார்த்தது, பாதி அல்லது வெட்டுப்பட்டது, பார்க்காதது. பாதி என்பது பார்க்காததுதான். இதில் இரக்கம் காட்ட வேண்டாம். பிறகு,

12 பேருக்கு மேல் பார்த்த படம் நேரே இறுதி வாக்குக்குப் போகலாம்.

3 பேராவது பார்த்து, பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நிச்சயம் வேண்டும் என்று நிற்கிற படம் திரையிடல் பட்டியலுக்குப் போகும். இதில் எட்டுப் படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒன்று என்றால் நாலு மாதம். அதற்கு மேல் இழுத்தால் ஆட்கள் கழன்றுவிடுவார்கள்.

எட்டில் ஆறையாவது பார்த்தவருக்கு மட்டும் இறுதி வாக்குத் தாள். இதற்குச் சண்டை வரும். வரட்டும்.

கடைசிப் பட்டியலில் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு எதிரிலும் வாக்கோடு பார்த்தவர் தொகையையும் அடியுங்கள். "8 வாக்கு, பார்த்தவர் 19" என்று இருந்தால் வாசிக்கிறவருக்கே நிலைமை விளங்கும். திரையிட்ட பிறகு 'யி யி' 19 பேரில் 4 வாக்கோடு விழுந்தாலும் சரிதான். அது பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு.

விளக்க வீடியோவைப் படம் பார்த்த கணக்கில் சேர்ப்பது

பத்து நிமிடத்தில் கதையைத் தமிழில் சொல்லி முடிக்கிற வீடியோக்கள் நிறைய. அவற்றைப் பார்த்துவிட்டு 'முழுதாகப் பார்த்தது' என்று குறி வைக்கிறார்கள். கதை கேட்டுப் பிடிக்க முடியாது. கதை அவர்களுக்குத் தெரியும். கண்ணால் கண்டதைக் கேளுங்கள்.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செப்பரேஷன்' படத்தில் கணவனும் மனைவியும் விவாகரத்துக் கேட்டு நீதிபதி முன் இருக்கும் முதல் காட்சியில் நீதிபதி எப்படி இருப்பார்? அவர் முகம் தெரியாது. கமரா அவருடைய இடத்தில் இருக்கிறது. இருவரும் எங்களைப் பார்த்துத்தான் வாதாடுகிறார்கள். 'இன் த மூட் ஃபோர் லவ்' படத்தில் நாயகியின் கணவர் முகம் எப்படி? காட்டவே மாட்டார்கள், குரலும் முதுகும்தான். இந்த இரண்டு கேள்விக்கும் "வயசான ஆள், தாடி" என்று பதில் வந்தால் குறியை அழித்துவிடலாம்.

விருதைக் காட்டி வாயடைப்பது

வேண்டாம். பிபிசி பட்டியலில் முதலாவதாக வந்த டேவிட் லிஞ்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்', இரண்டாவதாக வந்த 'இன் த மூட் ஃபோர் லவ்' இரண்டும் கானில் போட்டியிட்டு அங்கே முதற்பரிசான தங்கப்பனை கிடைக்காத படங்கள்.

போன மாதம் வந்த படம்

ஐந்து வருடம் போகட்டும்.

பத்திலிருந்து ஒன்று வரை புள்ளி போடுவது

பெரிய வாக்கெடுப்புக்கு ஒத்துவரும், இருபது பேருக்கு ஒத்துவராது. முதலிடத்துக்கு 10, பத்தாமிடத்துக்கு 1 என்றால், இரண்டு பேர் பிடிவாதமாக முதலிடத்தில் வைத்த படம் 20 புள்ளி எடுக்கும். ஒன்பது பேர் ஒன்பதாமிடத்தில் வைத்த படம் 18. ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு பேரிடம் தோற்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை 'சைற் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை எடுக்கும் வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுதுவார்கள், பத்துக்கும் ஒரே பெறுமதி. 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டோர் அப்படித்தான் வாக்களித்தார்கள். அதையே எடுங்கள். சமனாக வந்தால் சமன் என்றே எழுதுங்கள். பிபிசியிலேயே நூறாவது இடத்தில் மூன்று படங்கள் நின்றன.

எங்களைப் பற்றிய படம் என்றதற்காக ஏற்றுவதும் இறக்குவதும்

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) வந்தால் மாங்குளம் வரும். மாங்குளம் வந்தால் விவாதம் படத்தை விட்டுவிடும். ஒரு பகுதி "எங்கட ஊர்ப் பெயர் சொன்ன படம்" என்று நிற்கும். மற்றப் பகுதி "அங்கே எடுக்கவே இல்லை, கதைக்கிற தமிழும் எங்கட தமிழ் இல்லை" என்று நிற்கும். இரண்டும் உண்மை. பிரான்சுக்குத் தப்பிப் போகும் முன்னாள் போராளியின் கதையான ஓடியாரின் 'தீபன்' 2015-இல் தங்கப்பனை வாங்கியது. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) போர் முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளியின் கதை. இவற்றுக்கும் இதே கதிதான்.

இரண்டு கேள்வியையும் இரண்டு நாளாகப் பிரியுங்கள். எங்களைச் சரியாகக் காட்டியதா என்பதற்கு ஒரு பின்னேரம். படமாக எப்படி என்பதற்கு வேறொரு பின்னேரம். 'எங்களுக்கு முக்கியமான படங்கள்' என்று தனிப்பட்டியல் வைத்தால் பாதிக் கோபம் அங்கே இறங்கிவிடும். அந்தப் பட்டியலுக்குப் பெருமையும் குறைவில்லை.

சிங்களப் படம் மொழி விளங்காது என்று ஒதுக்குவதும் இதோடு சேர்ந்தது. விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பிணிச' 2005-இல் கானில் முதற்படத்துக்கான கமரா தோர் விருதைப் பகிர்ந்துகொண்டது. அதில் பேச்சே கொஞ்சம்தான்.

படத்தைப் பழுதாக்கிக் காட்டிவிட்டு வாக்குக் கேட்பது

மண்டபத்து யன்னலுக்குத் தறப்பாள் கட்டுவார்கள். வெள்ளைத் தறப்பாள் வெயில் பட்டால் தானே விளக்குப்போல ஒளிரும். உள்பக்கம் கறுத்தப் பொலித்தீன் ஒரு மடிப்புப் போட்டு, மேல் விளிம்பைச் சுவரோடு ஒட்ட வேண்டும். வெளிச்சம் கசிவது அநேகமாக மேலால்தான். 3000 லூமென் புரொஜெக்டருக்கு எட்டடி அகலத் திரை போதும். பன்னிரண்டடிக்கு இழுத்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய், இரவுக் காட்சி முழுக்கச் சாம்பல்தான் தெரியும்.

புரொஜெக்டரில் திரை அளவைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். 2.35 அகலப் படத்தை (உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலமானது) திரை நிறைய இழுத்துப் போட்டால் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உயரமாகிவிடுவார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டி வந்தால் படம் சரியாக இருக்கிறது என்று பொருள். "படம் முழுசா வரேல்லை" என்று எழும்பி மாற்றுகிற ஆளை இருத்துங்கள்.

தமிழ் உபதலைப்பு நீங்களே எழுதினால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறி வரிசையாக ஓடும். படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் எழுத்துருவை நிர்மலா என்று மாற்றுங்கள். ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை வந்தவுடன் எழுத்துக் காணாமல் போகும்.

ஒலிபெருக்கி திரைக்குக் கீழே, முன்னுக்கு. பின்சுவரில் வைத்தால் ஆள் முன்னால் கதைக்க, குரல் பின்னால் வரும்.

நேரத்தையும் பாருங்கள். 'யி யி' 173 நிமிடம். பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரை; முறிகண்டி, மல்லாவிப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்து எட்டு மணிக்கே எழும்பிவிடுவார்கள், அவர்கள் தாளில் விழுவது 'பாதி' என்ற குறிதான். நீளப் படத்தை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போடுங்கள். 98 நிமிடம் ஓடும் 'இன் த மூட் ஃபோர் லவ்' போன்றதை இரவுக்கு வையுங்கள்.